நில்லுங்க

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. அந்தப் பயணத்தில் மஞ்சள் பூ வயல் முதலில் வந்தது, ஏரி பிறகு வந்தது என்று நான் சொன்னால், என் வீட்டுக்காரர் ஏரிதான் முதலில் என்கிறார். மகள் போன் செய்தது ஏரிக்கரையில் என்று நான் நினைக்கிறேன். அவளோ, "இல்லம்மா, நீ ஏதோ பெட்ரோல் பங்க்ல நின்னு பேசின, பின்னாடி டயருக்குக் காத்து அடிக்கிற சத்தம் கேட்டுச்சு" என்கிறாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை எனக்கு. எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியாதவர்கள்கூட அதைச் சரியாகப் படித்துவிடுவதுண்டு. வெளியே காத்திருக்கும்போது மற்றவர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருக்கும். அவர்கள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றியதில்லை. தெரிகிறது என்றே நம்புகிறார்கள். நானும் இதில் எந்த வரியைப் பார்த்துச் சொல்கிறேன், எந்த வரியை மனப்பாடமாகச் சொல்கிறேன் என்று பிரிக்க முடியவில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் நிச்சயமாகச் சொன்னேன். அதை எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் தகராறு.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கும் பாதிக் கட்டிடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கியவர். நாங்கள் குடியிருப்பது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத உறவுக்காரர் கிடையாது. "எங்க அண்ணன் ஊரையெல்லாம் மேல ஏத்திவிடுவார், உங்களுக்கு மட்டும் மூட்டுவலி" என்று என் நாத்தனார் ஒவ்வொரு முறையும் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

அந்த வருஷம் வெயில் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஓய்வு பெற்றார். சில நாட்களிலேயே ஒரு பழைய கேரவனை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். நான் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே நின்று கையாட்டினார்.

"சினிமாக்காரங்கதானே இதுக்குள்ள உக்காந்து மேக்கப் போடுவாங்க? நமக்கெதுக்கு?" என்றேன், கீழே இறங்கி வந்து.

"நீயும் போட்டுக்க, யாரு வேணாங்கறா?" என்றார். "இத்தனை வருஷம் மேலயும் கீழயுமே போயிட்டு வந்தாச்சு, டாக்டரம்மா. இனிமே கொஞ்சம் நேரா போவோம்."

நான் டாக்டர் இல்லை. கண்ணாடியின் பவர் சொல்லுபவள், அவ்வளவுதான். அவர் கிண்டலுக்கு வைத்த பெயர், கிண்டல் போய்ப் பெயராகவே நின்றுவிட்டது.

கடையில் நீண்ட விடுப்பு கேட்டேன். கடைக்காரர் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே, "திரும்பி வருவீங்கல்ல?" என்றார். என்ன கேள்வி இது என்று நினைத்தேன். "பின்ன, அங்கயேவா இருக்கப் போறேன்?" என்றேன்.

வண்டிக்குள் எல்லாம் இருந்தது. இரண்டு பர்னர் அடுப்பு, பாத்திரம் தேய்க்கும் தொட்டி, திருகினால் முதலில் முனகிவிட்டுப் பிறகு தண்ணீர் விடும் குழாய். மேசையின் காலை மடக்கி இறக்கினால் அதுவே கட்டில். ஒருவர் அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் மற்றவர் எங்காவது ஒதுங்கி உட்கார்ந்தாக வேண்டும். கிளம்புமுன் ஒவ்வொரு அலமாரிக் கதவையும் 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூட வேண்டும். ஒன்றை விட்டாலும் முதல் வளைவிலேயே தட்டுகள் தரையில். கதவுகள் என் பொறுப்பு, ஓட்டுவது அவர் பொறுப்பு. கதவுகளுக்குப் பிறகு எனக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது.

முதல் மாலையில், ஆற்றோரமாக இந்த மாதிரி வண்டிகள் தங்கும் ஒரு திடலில், பின்னோக்கி எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. பின்னால் போய் நிற்கச் சொன்னார்.

"நான் 'போலாமா'ன்னா, நீ 'போலாம்'னு திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் நகர்த்துவேன்."

"தலையாட்டினா போதாதா?"

"குழிக்குள்ள நிக்கறவன் தலையாட்டினா மேல இருக்கறவனுக்குத் தெரியுமா? வாயாலதான் சொல்லணும்."

அது அவர்களுடைய தொழில் வழக்கம். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் இருட்டில் ஒருவர் நிற்பார். மொட்டை மாடியில் மெஷின் அறையில் இன்னொருவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். பெட்டியை நகர்த்த வேண்டுமென்றால் இரண்டு பேரும் 'போலாம்' சொல்ல வேண்டும். 'நில்லு' மட்டும் ஒருவர் சொன்னால் போதும். யார் சொன்னாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். அதோடு முடியாது. 'நில்லு' சொன்னவரே மறுபடி வாய் திறந்து 'போலாம்' சொல்லும்வரை மற்றவர் எதையும் தொடக்கூடாது. அவருடைய கூட்டாளியின் விரல்கள் பத்தும் கடைசிவரை பத்தாகவே இருந்ததற்கு இதுதான் காரணம் என்பார்.

"போலாமா?"

"போலாம்."

வண்டி பின்னால் வந்தது. அங்கே ஒரு தண்ணீர்க் குழாய்க் கம்பம். நான் பார்த்துவிட்டேன். "நில்லுங்க" என்றேன். 'நில்லு' முடிந்து 'ங்க' வருவதற்குள் பம்பர் கம்பத்தை முட்டி நசுங்கிவிட்டது.

இறங்கி வந்து நசுங்கலைத் தடவினார். "அந்த 'ங்க' எதுக்கு?"

"என்னது?"

"நில்...லுங்கன்னு ராகம் போடற. பாட்டு முடியட்டும்னு காத்திருக்கேன், அதுக்குள்ள கம்பம் வந்துடுச்சு. 'நில்லு', அவ்ளோதான். வெட்டின மாதிரி."

"உங்களைப் போய் நில்லுன்னு எப்படிச் சொல்றது?"

"மேல்வீட்டுக்காரன் என்னை என்னென்ன சொல்லியிருக்கான் தெரியுமா? நில்லுங்கறது அதுல ரொம்ப மரியாதையான வார்த்தை."

"அவர் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கலையே."

சிரித்துவிட்டார். ஆனாலும் எனக்கு அது வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் அவர் எனக்கு 'நீ', நான் அவருக்கு 'நீங்க'. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், அதைப் பற்றி நான் யோசித்ததுகூட இல்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நிறுத்த வேண்டுமென்றால் நான் வண்டியின் முதுகில் உள்ளங்கையால் தட்டுவேன். "சரி, ஊமைக் கூட்டாளி" என்றார்.

மேல்வீட்டுக்காரன் என்பது அந்தக் கூட்டாளிக்கு அவர் வைத்த பெயர். எப்போதும் மேலே மெஷின் அறையில் நின்று குரல் கொடுப்பவர் என்பதால். அவர் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய குளிர்காலத்தில், வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். மனைவி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு தடவை திட்டியிருக்கிறார். துக்கம் விசாரித்துவிட்டு வந்து எங்கள் படிகளில் ஏறும்போது, என் வீட்டுக்காரர் இரண்டாவது மாடியில் நின்று, "உக்காந்தான், போயிட்டான்" என்றார். அதன் பிறகு அவர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சாப்பிடுவதுகூட ஜன்னலோரம் நின்றபடி, தட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு.

வண்டியில் மட்டும் உட்கார்ந்தார். அது ஓடிக்கொண்டிருந்ததால்.

அழகான இடங்கள் வழியாகத்தான் போனோம். இரண்டு பக்கமும் மஞ்சள் பூ வயல்கள், வானம் தொடும் இடம் வரைக்கும். மலையடிவாரத்தில் பழத்தோட்டங்கள். ஒரு சுரங்கப் பாதையைக் கடந்ததும் சட்டென்று கீழே விரிந்த பள்ளத்தாக்கு. அதில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு ரயில். எதன் முன்னாலும் நிற்க விடமாட்டார். நான் இறங்கிக் கண்ணைப் பழக்கிக்கொள்வதற்குள் பின்னால் சாவி குலுங்கும்.

"பாத்தாச்சா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதே மலைதான், ரோட்டுல இருந்தும் தெரியும். வா."

இரவு தங்கிய இடத்தில் காலையில் தேநீர் ஆறுவதற்குள் அவருடைய கால் ஆடத் தொடங்கிவிடும். அடுத்த இடம் இதைவிட நன்றாக இருக்குமாம். அங்கே போனால் அதற்கடுத்த இடம். பை நிறையப் புத்தகங்கள் கொண்டுவந்திருந்தேன். வண்டி ஓடும்போது படித்தால் எனக்குத் தலை சுற்றும், நின்றால் அவர் நிற்கவிடமாட்டார். ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பரபரப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. வண்டி நின்ற பிறகும் என் உடம்பு ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கால் வைத்தால் தரை பின்னால் நகர்ந்தது. பேசாமல் இருப்பது எனக்குப் பிடிக்கும், எப்போதுமே பிடிக்கும். ஆனால் அந்த வண்டிக்குள் என் மௌனத்துக்கு இடமில்லை. நான் பேசாமலிருந்தால் அவர் திரும்பிப் பார்த்து, "என்ன, தலை சுத்துதா?" என்பார்.

ஒரு பழத்தோட்டத்தின் ஓரத்தில் காலைச் சாப்பாடு. ரொட்டி, அவித்த முட்டை. அவர் நின்றுகொண்டு சாப்பிட்டார், நான் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"இப்படியே இருந்துடலாமா?"

தோட்டத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அபூர்வமாக ஓர் இடம் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று.

"வீட்டை வித்துட்டு இதுலயே இருந்துடலாம்ங்கறேன். வருஷம் பூரா. குளிர் வந்தா கடலோரம், வெயில் வந்தா மலை. நீயும் எவ்வளவு நாளைக்கு அடுத்தவங்க கண்ணையே பாத்துக்கிட்டு இருப்ப?"

நான் "பார்க்கலாம்" என்றேன். அப்படி நான் சொன்னதாக அவர் சொல்கிறார். சொல்லியிருப்பேன். எனக்கு அந்த முட்டை ஓடுதான் நினைவிருக்கிறது. தோலோடு ஒட்டிக்கொண்டு வராமல், கொஞ்சம் கொஞ்சமாக நகத்தால் கிள்ள வேண்டியிருந்தது.

பிறகு ஏரி. கரையில் எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த வண்டி ஒரு வயதான தம்பதியுடையது. ரொட்டிக் கடை வைத்திருந்தவர்கள். கடையையும் வீட்டையும் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காக வண்டியிலேயே இருக்கிறார்கள். ஆண்கள் இருவரும் வண்டியின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுவிட்டார்கள். ரொட்டிக் கடை அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது தங்கச்சி. எழுந்து மாவு பிசையற நேரம். கை தானா நகருது. பிசைய ஒண்ணும் இல்ல. சரின்னு அவரைப் பிசைஞ்சு எழுப்பி விட்டுடுவேன்."

"வீட்டு ஞாபகம் வராதா அக்கா?"

"எந்த வீடு? இதுதான் வீடு. இது எங்க நிக்குதோ அது எங்க ஊரு." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு கஷ்டம் உண்டு. சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டுப் போய் உக்கார ஒரு ரூம் இல்ல."

"என்ன பண்ணுவீங்க?"

"டிரைவர் சீட்ல போய் உக்காந்து கதவைச் சாத்திக்குவேன். இவர் பின்னாடி படுத்துக்கிட்டு, 'டிரைவர், எந்த ஊர் வந்திருக்கு?'ன்னு கேப்பார். சிரிப்பு வந்துடும். சிரிச்சுட்டா போச்சு. நல்ல கோவம் ஒண்ணு முழுசா பட்டு எத்தனையோ வருஷமாச்சு தங்கச்சி. பாதியிலயே பறிச்சுக்கறார் மனுஷன்."

அக்கா சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் போன் செய்தது அப்போதுதான். பெட்ரோல் பங்கில் என்று அவள் சொன்னால் சொல்லட்டும்.

"அம்மா, மேல் அலமாரிச் சாவி எங்க வெச்சிருக்க?"

"எதுக்கு?"

"திறந்து காட்டச் சொல்றாங்க. அலமாரியோட சேத்துத்தானே கொடுக்கறோம்?"

"யாருக்குக் கொடுக்கறோம்?"

"வீடு பாக்க வந்தவங்களுக்கு. சமையலறைல நிக்கறாங்க. ஜன்னல் சின்னதா இருக்காம், இடிச்சுப் பெருசா வெக்கலாமான்னு கேக்கறாங்க." ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஏம்மா, அப்பா உங்கிட்ட சொல்லலையா? நீ சரின்னுட்டன்னாரே."

"நான் என்ன சொன்னேனாம்?"

"பார்க்கலாம்னு சொன்னியாம்."

அவளே முதலில் சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். "ஐயோ. அது யாரு பார்க்கலாம்? அப்பா பார்க்கலாமா, உன் பார்க்கலாமா?"

சின்ன வயதிலேயே அவள் கண்டுபிடித்துவிட்ட விஷயம் அது. நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டபோது அவர் "பார்க்கலாம்" என்றார், அந்த வாரமே குட்டி வந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகட்டுமா என்று கேட்டபோது நான் "பார்க்கலாம்" என்றேன், பேருந்து அவளை விட்டுவிட்டுப் போனது. அவர் வாயில் அது 'சரி'. என் வாயில் அது 'முடியாது'. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எனக்கு வராது, அதனால் அப்படி ஒரு சொல். இதை எங்கள் மகளிலிருந்து நாத்தனார் வரை எல்லோரும் அறிவார்கள். அவரும் அறிவார். அன்று காலை மட்டும், என் சொல்லைத் தன் சொல்லாகக் கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

"சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு" என்றேன் மகளிடம். அவள் ஏதோ கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சமையலறை ஜன்னல் சின்னதுதான். இடிக்கத் தோன்றுவது நியாயம்தான். அவர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார், எனக்குக் கடை திறப்பது தாமதமாகத்தான். நடுவில் கொஞ்ச நேரம் இருக்கும். தேநீரோடு அந்த ஜன்னலருகில் உட்காருவேன். ஒரு புத்தகம். கீழே தெருவில் ஷட்டர்கள் ஏறும் சத்தம். அந்த நேரத்தில் நான் யாருக்கும் மனைவியோ அம்மாவோ இல்லை, யாருடைய கண்ணும் என் பொறுப்பில் இல்லை. என் வாழ்க்கையில் நான் படித்ததெல்லாம் அங்கே படித்ததுதான். யோசித்ததும் அங்கேதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? அந்த நேரம் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று ஏரியைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். ஒன்றும் ஆகமாட்டேன். தலைசுற்றலோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

அவரிடம் கேட்கவில்லை. ஏரியிலிருந்து கிளம்பி, மலையேறி, இறங்கி, இன்னொரு மலையேறினோம். நான் பேசவில்லை. அவர் சீட்டியடித்தார். வளைவுகளில் உற்சாகமாக இருந்தார். பாதையோரம் எங்காவது ஒரு வீடு தனியாகத் தெரிந்தால், "பாவம், அங்கயே கெடக்கணும்" என்றார். வீடு விற்றுக் கொடுக்கும் புரோக்கர் அன்று பகலில் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பார்வையாளர்களுக்கென்று ஒரு திட்டு. சரளைக்கல் கொட்டிய தரை, மரக் கைப்பிடி வேலி, அதற்கப்பால் பள்ளத்தாக்கு முழுவதும். ஆறு மூன்று இடங்களில் வளைந்து ஒவ்வொரு வளைவிலும் வேறு நிறத்தில் இருந்தது. வெயில் நேராக விழுந்தது. நான் கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். உள்ளுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது ஒரு கணம் நின்றது மாதிரி இருந்தது.

சாவி குலுங்கியது. "பாத்தாச்சா?"

போய் அலமாரிக் கதவுகளை அழுத்தினேன். டக், டக், டக். இறங்கி வண்டியின் பின்னால் போய் நின்றேன். திரும்பிச் செல்ல, பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். பின்னால் ஒன்றும் இல்லை. திட்டு காலியாக இருந்தது.

"போலாமா?"

"போலாம்."

வண்டி மெல்ல வந்தது. அப்போது அவர் போன் அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது. "சொல்லுங்க சார்... ஆமா சார், கேட்டுட்டேன், அவளும் சரின்னுட்டா... இப்பவேவா? ஒரு நிமிஷம்." தலையை வெளியே நீட்டி, பின்னால் திரும்பி, வண்டியை நகர்த்திக்கொண்டே, சத்தமாகக் கேட்டார். "டாக்டரம்மா! புரோக்கர் கேக்கறார். வீட்டைக் கொடுத்துடலாமா?"

நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்துடலாம் என்று. 'பார்க்கலாம்' என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது அவ்வளவு பழகிய சொல். அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், யார் மேலும் பழியில்லாமல். வண்டியைத் தட்டக் கையை உயர்த்தியிருந்தேன். தட்டவில்லை.

"நில்லு."

பிரேக் கத்தியது. உள்ளே ஏதோ ஓர் அலமாரி திறந்து தட்டுகள் விழுந்தன. ஒன்றை நான் சரியாக மூடவில்லை.

நான் கத்தினேன் என்கிறார் அவர். பள்ளத்தாக்கில் எதிரொலித்ததாம். மெதுவாகத்தான் சொன்னேன் என்று எனக்கு நினைவு.

கதவைத் திறந்து குதித்து ஓடி வந்தார். கையில் போன். வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார், சக்கரத்துக்கடியில் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"என்ன? என்ன இருக்கு? பின்னாடி ஒண்ணும் இல்லையே!"

"வண்டியைச் சொல்லல."

போனுக்குள்ளிருந்து "சார்? சார்?" என்று குரல் வந்துகொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்தபடி அதைக் காதில் வைத்து, "கொஞ்சம் நில்லுங்க சார்" என்றார். சொன்ன பிறகுதான் அந்த 'ங்க' அவருக்கே கேட்டது என்று நினைக்கிறேன். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒன்றும் செய்யவில்லை. வண்டி திட்டின் நடுவில் குறுக்காக நின்றது, கதவு திறந்தபடி, எஞ்சின் ஓடியபடி. போய் அதை அணைத்துவிட்டு வந்து என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். நான் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பயணத்திலேயே முதல் தடவையாக, அவர் பக்கத்தில் இருக்கும்போது என் மௌனம் என்னுடையதாக இருந்தது.

ஒரு கார் மேலே ஏறி வந்து எங்கள் வண்டிக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. கண்ணாடியை இறக்கி ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஐயா, கொஞ்சம் நகத்தறீங்களா? உள்ள போகணும்."

"என் கையில இல்லைங்க" என்றார் என் வீட்டுக்காரர். என்னைக் காட்டினார். "அவங்க சொல்லணும்."

அந்த 'அவங்க' என்னைத்தான். கார்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெண் அவர் காதில் ஏதோ சொல்ல, காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"என் பார்க்கலாமுக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"ஒரு தடவையாவது மாறியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்." சரளைக்கல்லைக் காலால் தள்ளினார். "மேல்வீட்டுக்காரனோட கூட்டு வேலை செஞ்சப்போ, அவன் 'உம்'னு சொன்னாக்கூட நகத்த மாட்டேன். 'வாயைத் திறந்து சொல்லுடா'ன்னு கத்துவேன். வீட்டை மட்டும் நீ முட்டை உரிச்சதை வெச்சு நகத்திட்டேன்."

அப்போது நான் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். சரியாகச் சொல்ல வரவில்லை. நீங்கள் இல்லாத ஒரு நேரம் எனக்கு வேண்டும் என்பதை எப்படிச் சொன்னாலும் அது திட்டுவது மாதிரிதான் வந்தது. அவர் கேட்டுக்கொண்டார்.

"நான் இல்லாத நேரமா?"

"ஆமாங்க."

"அதான் இப்ப நான் வீட்லயே இருப்பேனே. ரிட்டயர் ஆயிட்டேனே. வீடு இருந்தாலும் அந்த நேரம் உனக்கு ஏது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. இல்லை, யோசித்திருந்தேன், அந்த யோசனையைத் திறக்காமல் வைத்திருந்தேன்.

"என்னால அந்த சோபாவுல உக்கார முடியல" என்றார். "உக்காந்தா போயிடுவேன்னு இருக்கு. சிரிக்காத."

"சிரிக்கல. அதுக்கு நான் ஏன் என் வீட்டை விடணும்? நீங்க போங்க. வெயில் காலம் பூரா போங்க. நான் கொஞ்ச நாள் கூட வரேன், அப்புறம் ரயில் ஏறி என் கடைக்குப் போயிடறேன்."

"தனியாவா போகச் சொல்ற? பின்னாடி நின்னு பாக்க ஆள் வேணாமா?"

"ரிவர்ஸ் எடுக்காத எடமா பாத்து நிறுத்துங்க."

சிரிக்கப் பார்த்தார், முழுசாக வரவில்லை. வண்டியின் படியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தது தெரிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். உடனே எழுந்து, உள்ளே போய் உடைந்த தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். நான் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சாவியைக் குலுக்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே அவருடைய கால் தரையில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எனக்குப் போதும் என்று தோன்றும்வரை பார்த்தேன். பிறகு போய் எல்லாக் கதவுகளையும் மறுபடி அழுத்தினேன், பின்னால் வந்து நின்றேன்.

"போலாம்" என்றேன்.

"போலாம்" என்றார்.

வீட்டை விற்கவில்லை. புரோக்கர் அவர்களுக்கு எங்கள் தெருவிலேயே வேறொரு வீட்டை முடித்துக் கொடுத்தார். அதில் பெரிய ஜன்னல். கடைக்காரர் நான் திரும்பி வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை, மறுநாளிலிருந்து காலை வேலையையும் என் தலையில் கட்டப் பார்த்தார். முடியாது என்றேன், அதே வார்த்தையில். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வெயில் காலமும் கிளம்பிப் போகிறார். நான் முதல் பகுதிக்கு மட்டும் கூடப் போய்விட்டு ரயிலில் திரும்பிவிடுவேன். குளிர்காலத்தில் அவர் வீட்டில்தான் இருக்கிறார். காலையில் வெகுநேரம் நடக்கப் போய்விடுகிறார், மழையென்றால் மாடிப்படியில் ஏறி இறங்குகிறார். சோபாவை மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அந்த மேல் அலமாரியின் மேலும் ஒரு கண். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ரொட்டிக் கடைக்காரர் இரண்டாவது வருஷம் இறந்துவிட்டார், ஒரு நெடுஞ்சாலையில் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்திவிட்டு. செய்தி கேட்டு என் வீட்டுக்காரர் கையிலிருந்த வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். அந்த வருஷமும் கிளம்பிப் போனார். ரொட்டிக் கடை அக்கா வண்டியை விடவில்லை, அவரே ஓட்டுகிறார். எங்கள் கேரவனின் பம்பர் இன்னும் நசுங்கியபடிதான் இருக்கிறது. நான் அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறேன்.